போட்டோ எடுத்தது என் மனைவி

என் புருஷன் நெவில் ஒன்பது வருஷமாகக் கார் கட்டினான். ஊர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கீத்லியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "நெவிலா? கையாலேயே கார் கட்டுறானே, அவன்தானே?" என்பார்கள். கையால் கட்டியது உண்மைதான். யாருடைய கை என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

எனக்குப் பால் டேங்க் செய்யும் ஆலையில் வேலை. இருபத்தாறு வருஷமாக எஃகும் அலுமினியமும் வெல்டிங் செய்கிறேன். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு மூட்டுப் பற்றவைத்து முடித்ததும் பக்கத்திலேயே அந்த எண்ணை இரும்பு அச்சால் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். நாளைக்கு டேங்க் ஒழுகினால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா? ஒழுகாத டேங்கின் எண்ணைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல இதுவரை யாரும் வந்ததில்லை. என் எண் 17.

நெவில் நகரசபையில் மரங்களைக் கணக்கெடுக்கும் வேலை பார்ப்பவன். நல்லவன், பேச்சுக்காரன். அவனுக்கு வெல்டிங் வராது. வராதது குற்றமில்லை, எனக்கு மரங்களின் பெயர் தெரியாது. ஆனால் நான் எந்த மரத்துக்கும் பக்கத்தில் நின்று, "இதை நான்தான் வளர்த்தேன்" என்று சொன்னதில்லை.

எங்கள் வட்டாரத்தில் கையால் கார் கட்டுவோர் சங்கம் என்று ஒன்று உண்டு. இருபத்திரண்டு உறுப்பினர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் பப்பில் கூடி, மாட்டிறைச்சி வறுவலைக் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டே சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசுவார்கள். தலைவர் காட்ஃப்ரி பத்தொன்பது வருஷமாகக் கட்டுகிறார். அவர் வண்டிக்கு இன்னும் இன்ஜின் வரவில்லை. எந்த இன்ஜின் என்பது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். வண்டியைக் கட்டி முடித்து ஓட்ட ஆரம்பித்தவன் ஒருவன் இருந்தான். அவனோடு பேச எதுவும் இல்லாமல் போய்விட்டதால் அவனே வருவதை நிறுத்திவிட்டான்.

சங்கத்துக்கு ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அதில் ஒவ்வொருவரும் தன் வண்டியின் நாட்குறிப்பை எழுத வேண்டும், படத்தோடு. நெவிலின் நாட்குறிப்புதான் அங்கே நட்சத்திரம். "இன்று முன்பக்க சஸ்பென்ஷன் கையைப் பற்றவைத்தேன்" என்று எழுதுவான். கீழே படம் இருக்கும்: முகமூடி, தோல் கையுறை, நீலச் சட்டை, நீல நெருப்பு. முகமூடி போட்டுவிட்டால் ஆண் என்ன, பெண் என்ன? நெவில் கேமராவுக்குப் பின்னால் நின்றான், நான் நெருப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை எவனோ, "வெல்டிங் பண்ணிக்கிட்டே எப்படி மாப்ள போட்டோ எடுக்குற?" என்று கேட்டுவிட்டான். நெவில் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் போட்டான்: "போட்டோ எடுத்தது என் மனைவி."

அதற்குக் கீழே பாராட்டு மழை. "உங்க வீட்டம்மா கையில நல்ல கலை இருக்கு." "வெளிச்சம் பிரமாதம்." நான் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏன்டா, என் பேரை ஒரு வரி போட்டா உன் விரல் தேஞ்சா போயிடும்?" என்று கேட்டேன்.

"நான்னு எழுதுறது ஒரு பேச்சுக்குத்தான் கண்ணு. நான்னா நாமதான்."

"அப்போ நாமன்னே எழுதேன்."

"படிக்கிறவங்களுக்குக் குழப்பமாயிடும்."

இவன் "கண்ணு" என்று கூப்பிட்டால் எங்கோ ஒரு வெல்டிங் காத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் காத்திருந்தது சஸ்பென்ஷன் கைகள். முன்சக்கரங்களை வண்டியோடு பிடித்திருக்கும் முக்கோணக் கைகள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு. முதல் முறை அளந்து, வெட்டி, பற்றவைத்துக் கொடுத்தேன். சங்கத்தில் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, அரை அங்குலம் நீளம் கூட்டாவிட்டால் வளைவில் சக்கரம் தரையைவிட்டு எழும் என்று எழுதினார். நான்கையும் வெட்டிப்போட்டு, நீளம் கூட்டிச் செய்தேன். இன்னொருவர், முக்கால் அங்குலம் குறைக்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும் என்றார். மறுபடியும் செய்தேன். பிறகு இரண்டு பேரும் எட்டு மாதம் தங்களுக்குள் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு, நான் முதலில் செய்திருந்த அதே அளவு. நான்காவது தடவையாகவும் செய்தேன். அந்த இரண்டு பேரும் தங்கள் வண்டியில் ஒரு வளைவுகூடத் திரும்பியவர்கள் இல்லை. வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வந்தால்தானே வளைவு.

அடுத்தது ரேடியேட்டர். வண்டியின் மூக்கு சின்னது, நெவில் ஆசைப்பட்டு வாங்கிய ரேடியேட்டர் பெரியது. அதன் இரண்டு பக்கத் தொட்டிகளையும் அறுத்தெடுத்து, அலுமினியத் தகட்டை மடித்துப் புதிதாகச் செய்து ஒட்டினேன். இன்ஜினுக்குப் போகும் தண்ணீர்க் குழாய்களை ஐந்து இடத்தில் வளைத்தேன். மெல்லிய அலுமினியம் பொல்லாதது. ஒரு நொடி கூட நின்றால் ஓட்டை விழும், ஒரு நொடி முந்தினால் பிடிக்காது. முடித்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைப்பழக்கத்தில் ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் 17 என்று தட்டினேன். சஸ்பென்ஷன் கைகளிலும் கனமான வளையங்களின் ஓரத்தில் தட்டியிருந்தேன். நெவில் அதைக் கவனித்ததே இல்லை. பெயின்ட் அடித்துப் பளபளவென்று ஆனால் அவனுக்குப் போதும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை அவனிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் "கட்டியவர்" என்று ஒரு வரி வரும். அதில் என் பெயர் வர வேண்டும். ரோட்டில் ஓட்ட அனுமதி தரும் அரசுப் பரிசோதனையில் வண்டி தேறி, நம்பர் பலகை கிடைத்ததும் எழுதுவதாகச் சத்தியம் செய்தான். நானும் நம்பினேன். ஒன்பது வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு வாரம் பெரிதா?

அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் கெட்டது. பரிசோதனைக்கு முந்தைய வாரம் என் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். அவளைப் பார்த்துக்கொள்ள ஸ்கார்பரோ போய்விட்டேன். திரும்பி வந்தால் ரேடியேட்டருக்குக் கீழே புதிதாக ஒரு பிராக்கெட். ரேடியேட்டரைத் தாங்கும் சின்ன இரும்புத் தாங்கி. அதன் வெல்டிங்கைப் பார்த்தேன். புறா உட்கார்ந்து எழுந்த இடம் போல இருந்தது.

"இது என்னடா?"

"நான் பண்ணேன்." அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நானே பண்ணேன் கெய்னர்."

"வாயுவைத் திறந்துவிட்டியா?"

"எந்த வாயு?"

காற்றுப் படாமல் மூடிக் காக்கிற வாயு இல்லாமல் பற்றவைத்தால் மூட்டு உள்ளுக்குள் பொத்தலாகிவிடும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வெட்டி எடு. பத்து நிமிஷத்துல வேற பண்ணித் தரேன்" என்றேன். அவன் பிராக்கெட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"வேணாம் கண்ணு. வண்டி முழுக்க உன்னோடதுதான், எனக்குத் தெரியாதா? இது ஒண்ணே ஒண்ணு என்னோடதா இருக்கட்டுமே. ஆசையா இருக்கு. விட்டுடேன்."

அறுபத்தொரு வயது ஆம்பிளை அப்படிக் கேட்டால் என்ன செய்வது? மனசு இளகிவிட்டது. விட்டுத் தொலைத்தேன். என் இருபத்தாறு வருஷத் தொழிலில் நான் தெரிந்தே விட்ட ஒரே மோசமான வெல்டிங் அதுதான். அதுவும் என்னுடையது இல்லை.

பரிசோதனை நாளன்று வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். வண்டியின் வெளிப்புறத்தில் கை படும் இடத்தில் கூர்மையாக எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதற்குச் சங்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவது, தேறி வாசலைத் தாண்டியதும் எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் போட்டு அடுத்தவனுக்குக் கொடுப்பது. அந்தத் தொப்பிப் பை பன்னிரண்டு வருஷமாகச் சங்கத்தின் சொத்து. இதுவரை ஒரே ஒரு வண்டிக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. காட்ஃப்ரி அதை எங்களிடம் கொடுக்கும்போது கண் கலங்கினார். நூற்று நாற்பத்தாறு தொப்பிகள் மாட்டினோம். வண்டியைப் பார்த்தால் அம்மை போட்டது மாதிரி இருந்தது.

ஆய்வாளர் ரஷீத், பிராட்ஃபோர்டுக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். அமைதியானவன். டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் போய் ரொம்ப நேரம் வரவே இல்லை. வந்ததும் நெவிலைப் பார்த்து, "இந்தக் கைகளெல்லாம் நீங்க பண்ணதா?" என்றான்.

"வீட்டுல பண்ணதுதான்" என்றான் நெவில்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"நன்றி" என்றான் நெவில். நான் இரண்டடி தள்ளி, டீ பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருக்கிறேன். என் காது கேட்க, "நன்றி" என்றான்.

சரி, கடைசிப் பக்கம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு சத்தத்தை அளக்கும் சோதனை. இன்ஜினை வேகமாக ஓடவிட்டு அப்படியே பிடித்திருக்க வேண்டும். நெவில் பெடலை மிதித்தான். வண்டி அதிர்ந்தது. ஐந்து எண்ணுவதற்குள் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து பெரிய அரவைச் சத்தம். பிராக்கெட் ஒடிந்து, ரேடியேட்டர் பின்னால் சாய்ந்து, விசிறி அதைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. நான் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த ரேடியேட்டர். கொதிக்கிற தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது. நாலைந்து பிளாஸ்டிக் தொப்பிகள் அதில் மிதந்து சாக்கடைப் பக்கம் போயின.

ரஷீத் ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த வெல்டிங் யாரோடது?"

நெவில் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். "அது… அது என் மனைவி பண்ணது. ஆசைப்பட்டா. ஒண்ணே ஒண்ணுதானே, பண்ணிட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு வெளி ஆளிடம், ஒரு வெல்டிங்கைக் காட்டி என்னைச் சொன்னான். எதைக் காட்டிச் சொன்னான் பாருங்கள்.

ரஷீத் என் பக்கம் திரும்பினான். "அப்படியா மேடம்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நின்றது ஏன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பெரிய அடி விழும்போது உடனே வலிக்காதே, அப்படித்தான் இருந்தது. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். வண்டி தேறவில்லை என்று ரஷீத் தாளில் எழுதி, துண்டைப் பையில் போட்டுக் கொடுத்தான்.

வழியில் நெவில் வண்டியை நிறுத்தி மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் வாங்கி வந்தான், வினிகர் தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி. நான் சாப்பிட்டேன். கோபம் வேறு, பசி வேறு.

"பதறிட்டேன் கெய்னர்" என்றான். "அந்த ஆள் அப்படிப் பார்த்ததும் வாயில வந்துடுச்சு. ஒரே ஒரு ஆய்வாளர்தானே? அவனை இனிமே நாம எங்க பார்க்கப் போறோம்?"

"மறுபரிசோதனைல."

அவன் கிழங்கைத் தின்றான். நான் கேட்டேன்: "நல்லா இருக்குன்னு சொன்னப்போ நீ. ஒடிஞ்சப்போ நானா?"

மன்னிப்புக் கேட்டான். உண்மையாகவே கேட்டான் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வண்டி தேறாத விஷயத்தை நாட்குறிப்பில் எழுத வேண்டுமே. சங்கத்து ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வண்டி தேறினால் அவர்களுக்கு நான்கு பதில் எழுத வரும், தேறாவிட்டால் நாற்பது.

அடுத்த நாள் ஆலையில் டீ இடைவேளையில் செல்போனைத் திறந்தேன். தலைப்பு: "ஒரு பாடம்". இரண்டு படங்கள், பெரிதாக, பக்கம் பக்கமாக. இடப்பக்கம் சஸ்பென்ஷன் கையின் மூட்டு. வலப்பக்கம் ஒடிந்த பிராக்கெட். கீழே: "இடது என்னுடையது. வலது வீட்டம்மாவுடையது. வித்தியாசத்தை நீங்களே பாருங்கள் நண்பர்களே."

நூற்று முப்பது பதில்கள். "மனசைத் தேத்திக்கோ நெவில்." "அன்பு இருக்கலாம் மாப்ள, ஆனா வெல்டிங் மெஷினைத் தொடவிடக் கூடாது." காட்ஃப்ரி நீளமாக எழுதியிருந்தார், பெண்களுக்குப் பொறுமை உண்டு, ஆனால் உலோகம் வேறு ரகம் என்று. ஒருவன், "போட்டோ எடுக்கிறதோட நிறுத்தியிருக்கலாம், அதுல நல்ல கை" என்றிருந்தான்.

எனக்கு அழுகை வந்தது. துக்க அழுகை இல்லை, வயிறு எரிந்து வருகிற அழுகை. பக்கத்தில் நாற்பதாயிரம் லிட்டர் டேங்க் ஒன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது. முகமூடியை இறக்கிக்கொண்டு போய் மிச்சத்தைப் பற்றவைத்தேன். அதற்குள் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை சங்கத்துல நீயே உண்மையைச் சொல்லிடு. நான் சொன்னா அது வேற மாதிரி இருக்கும். உனக்கும் நல்லா இருக்காது, காதுல வாங்குறவங்களுக்கும் நல்லா இருக்காது."

"சொல்லிடறேன்."

"நானும் வரேன்."

"நீயா? எதுக்கு?"

"வறுவல் நல்லா இருக்குமாமே."

அந்த வாரமே ரேடியேட்டரின் கடிபட்ட பக்கத்தை வெட்டியெடுத்துச் சரிசெய்தேன். புதிய பிராக்கெட் ஒன்றும் செய்தேன். 17 என்று தட்டினேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கி. ஞாயிறன்று அந்த பிராக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பப்பின் பின்னறையில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள், பாவப்பட்ட பிராணியைப் பார்க்கிற பார்வையோடு. "மனசைத் தளரவிடாதே கண்ணு, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் காட்ஃப்ரி. என் கையைத் தட்டிக்கொடுக்கவும் செய்தார். நான் நெவிலைப் பார்த்தேன். அவன் எழுந்தான், தொண்டையைச் செருமினான். சுவரில் இருந்த பெரிய டிவியில் அந்த இரண்டு படங்களும் வந்தன.

"நண்பர்களே, ஒரு விஷயம் சொல்லணும்…" என்று ஆரம்பித்தான். இருபது முகங்கள் அவனையே பார்த்தன. நல்ல கூட்டம், நல்ல குழம்பு, எல்லோருக்கும் அவன்மேல் பிரியம். அவன் தைரியம் அப்படியே கரைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். "…வெல்டிங்ல முக்கியமானது பொறுமை" என்று முடித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கைப்பையின் ஜிப்பில் கை வைத்தேன். அதற்குள் கடைசி மேசையிலிருந்து ஒரு குரல். "அந்த இடது படத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணு."

வில்ஃப். பால் பண்ணையில் வேலை பார்ப்பவர், பேசவே பேசாதவர். ஆனால் பெரிதாக்கச் சொன்னால் வேண்டாம் என்று இந்தச் சங்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் அவர்கள் வாழ்க்கையின் பெரும் இன்பம். பெரிதாக்கினார்கள். பெயின்டுக்கு அடியில், வளையத்தின் ஓரத்தில், தெளிவாகத் தெரிந்தது.

"அது என்ன 17?"

நெவில் முதல் தடவையாக அதைப் பார்த்தான். "அதுவா? அது… பாகத்தோட நம்பர்."

"நல்ல பழக்கம்" என்றார் காட்ஃப்ரி. மற்றவர்கள் சும்மா விடுவார்களா? ஒருவன் செல்போனில் நாட்குறிப்பின் பழைய படங்களைத் தேட ஆரம்பித்துவிட்டான். "கீழ்க் கைலயும் 17 இருக்கே." "பின்பக்கக் கைலயும் 17தான்பா." "தண்ணிக் குழாய்ல பாரு, அஞ்சு இடத்துல 17." "ரேடியேட்டர்லயும்." காட்ஃப்ரி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஏன் நெவில், எல்லாப் பாகத்துக்கும் ஒரே நம்பரா? அப்புறம் நம்பர் எதுக்கு?"

நெவில் தண்ணீர் குடித்தான்.

"ஒடிஞ்ச துண்டுல மட்டும் இல்ல" என்றான் செல்போன்காரன்.

வில்ஃப் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் மூக்கு படுகிற அளவுக்கு நின்று பார்த்தார். "இது பாகத்தோட நம்பர் இல்ல" என்றார். "இது வெல்டரோட முத்திரை. எங்க பண்ணையில எட்டு பால் டேங்க் இருக்கு. முப்பது வருஷமா நான்தான் உள்ள இறங்கிக் கழுவுறேன். ஒவ்வொரு டேங்க்லயும் மூலையில இதே மாதிரி ஒரு நம்பர் இருக்கும். நாலு இருக்கும், ஒன்பது இருக்கும், அதெல்லாம் எப்பவாவது ஒழுகும். பதினேழு போட்ட டேங்க் மூணு இருக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ஒழுகினதில்ல. யாருடா இந்த ஆளுன்னு நான் எவ்வளவோ நாள் நினைச்சிருக்கேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த ஆலையிலதானே வேலை பாக்குறீங்க? கேன்டீன்லயா?"

"கேன்டீன்ல இல்ல" என்றேன்.

பிராக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். காட்ஃப்ரியின் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் 'ணங்' என்று உட்கார்ந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு அது போயிற்று. வில்ஃப் கையில் வந்தபோது அவர் கட்டைவிரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார். "உங்களைப் பார்த்ததுல ரொம்பச் சந்தோஷம்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அடுத்துப் பேசியது காட்ஃப்ரிதான். நெவிலிடம் ஏதாவது விளக்கம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நெவில், என் வண்டிக்கும் முன்பக்கக் கைகள் பாக்கி இருக்கு. இவளை ஒரு சனிக்கிழமை அனுப்பிவைக்க முடியுமா?" என்றார்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கை தூரத்தில்!

நெவில் அவரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. "என்கிட்ட ஏன் கேக்குறீங்க? அவகிட்ட கேளுங்க" என்றான். பிறகு கொஞ்சம் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "வண்டி முழுக்க அவ பண்ணது. அந்த ஒடிஞ்சது மட்டும்தான் நான் பண்ணது. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். இங்க எழுதினதும் பொய்."

சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று என்மேலேயே கோபமும் வந்தது.

"பண்ணித் தரேன் காட்ஃப்ரி" என்றேன். "ஆனா என் நம்பரைத் தட்டுவேன். உங்க நாட்குறிப்புல என் பேரைப் போடணும்."

அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "பேரா? அப்புறம் நான் கட்டினதுன்னு எப்படிச் சொல்றது?"

"அதைத்தான் நானும் ஒன்பது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்ஜினுக்கே பத்தொன்பது வருஷம் யோசிக்கிறவர், இதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ. ஆனால் கிளம்பும்போது கார் நிறுத்தும் இடத்தில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, தனித்தனியாகக் காதோடு காதாக, "வெளிய தெரியாம ஒரு ரேடியேட்டர் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் முடியாது என்றேன்.

மறுபரிசோதனையில் ரஷீத்தே இருந்தான். அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, புதிய பிராக்கெட்டைக் காட்டி, "இது யாரோடது?" என்றான்.

"இவங்களோடது" என்றான் நெவில். "எல்லாமே இவங்களோடது. அன்னிக்கு ஒடிஞ்சதுதான் என்னோடது."

ரஷீத் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கு மேடம்" என்றான்.

"நன்றி" என்றேன். அந்த வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

வண்டி தேறியது. மிச்சமிருந்த தொப்பிகளைப் பிடுங்கிப் பையில் போட்டோம். நம்பர் பலகை வந்து மாட்டிய அன்று நெவில் ஷெட்டுக்குள் போனான். சுத்தியல் சத்தம் கேட்டது. ஒடிந்த பழைய பிராக்கெட்டை பட்டறை இடுக்கியில் பிடித்து, என் எழுத்து அச்சுகளில் ஒன்றை எடுத்து, அதன்மேல் N என்று தட்டியிருந்தான். கோணலாக, பாதி ஆழத்தில். அதைப் படம் எடுத்து நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் போட்டான். கீழே எழுதினான்: "கட்டியவர்: கெய்னர். 17 என்று இருப்பதெல்லாம் அவள் வேலை. இந்த ஒன்று என் வேலை. ஒன்பது வருஷமாக நான் செய்தது போட்டோ எடுத்தது மட்டும்தான்."

எனக்கு முன்னால் வைத்துத்தான் அனுப்பினான். இரண்டு பேரும் டீயோடு உட்கார்ந்து பதில்களுக்குக் காத்திருந்தோம். முதல் பதில் காட்ஃப்ரியுடையது: "அப்போ அந்தப் படமெல்லாம் நீ எடுத்ததா? அருமை நெவில்! என்ன கேமரா?" அதற்குக் கீழே பதினோரு பேர் லென்ஸைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வில்ஃப் மட்டும் பெருவிரலை உயர்த்திய ஒரு சின்னப் படம் போட்டிருந்தார்.

நெவில் என்னைப் பயத்தோடு பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது. இவர்களுக்குத் தெரியவேண்டும் என்று ஒன்பது வருஷம் கிடந்து வெந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்!

ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினேன். தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகவில்லை. தெருமுனை வளைவில் நான்கு சக்கரமும் தரையிலேயே இருக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். நெவில் கேமராவோடு ஓடிவந்து பக்கத்து இருக்கையில் தொத்தி ஏறினான். ஷெட்டுக்குள் வந்ததும் பழக்கதோஷத்தில் நான் வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டியிருந்தேன்.

"அதைக் கழட்டு கெய்னர்" என்றான், கேமராவைத் தூக்கிக்கொண்டே. "முகம் தெரியட்டும்."